கிர்னேனாஸ்கள் இறந்த விதம்

நூற்றுப் பதினாறு வரை எண்ணியபோது கீழே பறை நின்றது. ஹேமலதாவின் இரண்டு விரல்களும் மகள் ரூதாவின் கழுத்தோரத்தில் இருந்தபடியே இருந்தன, எண்ணிக்கை மட்டும் அறுந்துபோனது. காலை எட்டு மணியிலிருந்து எதிர்வீட்டு வாசலில் விடாமல் அடித்துக்கொண்டிருந்த பறை. இரவு முழுக்க நூற்றிரண்டில் கொதித்த குழந்தை அந்தச் சத்தத்துக்குள்தான் பன்னிரண்டரை மணிக்குத் தூங்கிப்போனது. விடாமல் கேட்கிற சத்தம் ஒன்றும் செய்யாது. அது நிற்பதும் ஒன்றும் செய்யாது. நின்றதற்குப் பிறகு திடீரென்று வருவதுதான். ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருந்தாள். அதன் மேல் இன்னொரு போர்வை. அறைக்குள் அயனாவரத்து மதியம் வெந்துகொண்டிருந்தது. மின்விசிறியை இரண்டில் வைத்திருந்தாள், மூன்றில் வைத்தால் ஒரு கிறீச்சல் வரும், வந்தாலும் அது விடாமல் வருவதுதான், ஆனாலும் இரண்டில். அண்ணி கஸ்தூரி கதவைத் திறக்காமல் வெளியிலிருந்து முதலில் சொன்னாள்: “கதவத் தொறக்கப் போறேன்.” பிறகு திறந்தாள். “டீ குடிக்கப் போயிருக்கானுங்க. மனுஷன் கைதானே, வலிக்காதா? நீ மூச்ச விடு மொதல்ல. பெட்டியில அவரு படுத்திருக்கறத விட நீதான் பொணமாட்டம் ஒக்காந்திருக்க.” ஹேமலதா உதட்டில் விரலை வைத்தாள். “நான் இப்ப தும்மப் போறேன், சொல்லிட்டேன், அப்புறம் சொல்லலன்னு சொல்லாத” என்று கஸ்தூரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்பையும் சத்தமில்லாமல்தான் சிரித்தாள். அவளும் ரூதாவும் வந்த பத்து மாதத்தில் அந்த வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. மிக்ஸி போடப் போறேன். பீரோவைச் சாத்தப் போறேன். குக்கர் பரண்மேல் ஏறிவிட்டது, சோறு பானையில் வடிக்கிறார்கள், அழைப்பு மணியின் கம்பியை அண்ணனே பிடுங்கிவிட்டார். வாய்விட்டு யாரும் குறை சொன்னதில்லை. அதுவே ஹேமலதாவுக்கு ஒரு பயம், என்றைக்காவது ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து மறந்துவிடுவார்கள் என்று.

சொல்லிவிட்டு வருகிற சத்தம் ஒன்றும் செய்யாது. அதை அன்றைக்குத் தெரிந்துவைத்திருந்தால். கிளாஸ்கோவில், மூன்று வருஷத்துக்கு முன்னால், கணவர் யோனாஸ் கைப்பேசி அலாரத்துக்கு எழுந்திருப்பதே இல்லை, வேலைக்குத் தாமதமாகப் போய்ப் பேச்சு வாங்குகிறார் என்று அவள்தான் பழைய பொருள் விற்கும் கடையில் அந்தக் கடிகாரத்தை வாங்கினாள். தலையில் இரண்டு மணி, நடுவில் ஒரு சுத்தி. முதல் நாள் அவர் துள்ளி எழுந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், இது கடிகாரமில்லை தீயணைப்பு வண்டி என்றார். இரண்டாவது நாளும் எழுந்தார். மூன்றாவது நாள் அவள் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்து, சாவி தீர்ந்து, மெதுவாகி, டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டி, தானாக நின்றது. இதற்குமா எழுந்திருக்கவில்லை என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலோடு பாலை இறக்கி, டிகாஷனை ஊற்றி, சர்க்கரை போட்டுக் கலக்கி எடுத்துக்கொண்டு போனாள். எவ்வளவு நேரம் இருக்கும்? நான்கு நிமிஷம். ஐந்தாகவும் இருக்கலாம். ஓடியிருந்தால் என்று மனம் அந்த இடத்துக்குப் போகும், போய், சர்க்கரை டப்பாவின் மூடியில் நின்றுவிடும். மூடி இறுக்கமாக இருந்தது, துணி வைத்துத் திருகினாள். ஏன் அன்றைக்கு அவ்வளவு இறுக்கமாக இருந்தது? முப்பத்தெட்டு வயது. இதயத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். காரணம் தெரியாத மரணம். அம்மா போனிலேயே அழுதாள், அழுகைக்கு நடுவில் ஒன்று கேட்டாள்: “அவங்க குடும்பத்துல இப்படி யாராச்சும் போயிருக்காங்களான்னு விசாரிச்சியாடீ?”

விசாரிக்கவில்லை. பெரியக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அப்பா நான்கு ஊருக்குப் போனார், மாப்பிள்ளையின் தாத்தா எதனால் செத்தார் என்பதை அந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டு வந்தார். யோனாஸுக்கு எந்த டீக்கடை? பல்கலைக்கழக நூலகத்தில் அவருடைய அட்டையை ஸ்கேன் செய்தபோது அந்தப் பெயரைப் பார்த்து, கிர்னேனாஸ், இது என்ன பெயர் என்று அவள் கேட்டதுதான் முதல் பேச்சு. லிதுவேனியப் பெயர், என் கொள்ளுத்தாத்தா நிலக்கரி வெட்ட ஸ்காட்லாந்துக்கு வந்தவர், கிர்னோஸ் என்றால் மாவு அரைக்கும் கல், இரண்டு வட்டக் கல், மேலே ஒரு பிடி என்று கையால் சுற்றிக் காட்டினார். திரிகை! அந்தக் கல்லைக் கொத்திக் கொடுக்கும் குடும்பமாக இருந்திருக்க வேண்டும் என்றார். அம்மி கொத்துறவங்க என்று அவள் தமிழில் சொல்லிச் சிரித்துவிட்டாள், அதை விளக்கிச் சொல்ல அரைமணி நேரம் ஆனது, அந்த அரைமணியில்தான் எல்லாம் ஆனது. அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது, ஒரு பெயர் நானூறு வருஷம் கழுத்தை விட்டு இறங்காமல் வருவது. அவள் அப்பாவுக்கு அவருடைய அப்பா பெயரின் முதல் எழுத்து, அவளுக்கு அப்பா பெயரின் முதல் எழுத்து, அதற்கு மேலே யாரென்று கேட்டால் அத்தையைத்தான் கேட்க வேண்டும், அத்தைக்கும் ஒரு தலைமுறைதான் கூடத் தெரியும். யோனாஸ் இறந்து நான்காவது மாதம், அம்மாவின் கேள்வி தூங்கவிடாமல் செய்ய, அவள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு விசாரிக்கக் கிளம்பினாள். பெயர் இருந்தது, அது போதும். தொலைபேசிப் புத்தகங்கள், கல்லறைப் பட்டியல்கள், கப்பலில் வந்தவர்களின் பட்டியல்கள். பென்சில்வேனியாவின் சுரங்க ஊர்களில் அறுபது பேர். ஸ்காட்லாந்தில் ஒன்பது, அங்கே சுரங்கத்துக் கணக்கர் வாயில் நுழையாத பெயரையெல்லாம் கிரீன், பிரவுன் என்று எழுதிக்கொண்டதால் அந்த கிரீன்களில் எத்தனை கிர்னேனாஸ் என்று யாருக்கும் தெரியாது. பிரேசிலில் காப்பித் தோட்டத்துக்குப் போய் சாவோ பாவ்லோவில் தங்கிவிட்டவர்கள் இருபத்திரண்டு. யுத்தம் முடிந்து அகதி முகாமிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியவர்கள் ஐந்து. லிதுவேனியாவில் மிஞ்சியவர்கள் பதினெட்டு. எல்லோரும் ஒரே கிராமத்தில், மணல் மேட்டில் இருந்த ஏழு வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் என்று அங்கே ஒரு தேவாலயத்துப் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார்கள். அவள் எல்லோருக்கும் ஒரே கடிதத்தை எழுதினாள். உங்கள் குடும்பத்தில் யாராவது இளவயதில், திடீரென்று? அப்பா டீக்கடையில் கேட்டதையேதான் கேட்டாள்.

பதில்கள் வந்தன. பென்சில்வேனியாவில் ஒருவர், நாற்பத்தோரு வயது, சுரங்கத்துச் சங்கு ஊதியபோது படுக்கையில். அவர் தம்பி, தேவாலய மணிக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றிருந்தபோது. அடிலெய்டில் ஒருவர், பின்னால் வந்த லாரியின் ஹார்னுக்கு. ஸ்காட்லாந்தில் ஒரு கிரீன், அவர் தானாக வந்து சொன்னார், தன் அண்ணன் அலாரத்துக்கு எழுந்திருக்கவே இல்லை என்று. அலாரம் என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டாள், ஆனாலும் மனதின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு வெளிச்சம். பதினோரு பேர். பதினோரு பேரும் ஆண்கள். ரூதாவுக்கு அப்போது நாலு வயது. பெண்களை விட்டுவிடுகிறது. அவள் அதைக் கணக்கைச் சரிபார்ப்பது போலத் திரும்பத் திரும்பப் பார்த்தாள், பதினொன்றில் ஒன்றுகூடப் பெண் இல்லை. அந்த ஒரு வருஷம் அவள் நன்றாகத் தூங்கினாள். பிறகு சாவோ பாவ்லோவிலிருந்து தெரேசா என்ற ஓய்வுபெற்ற ஆசிரியையின் கடிதம். மாமா மகனுக்கு வந்த உன் கடிதத்தைப் படித்தேன், நீ ஏன் மகள்களைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாள். நான் அந்தப் பெயரில் பிறந்தவளின் மகள். என் பெயர் வேறு, கல்யாணத்துக்குப் பிறகு என் அம்மாவின் பெயரும் வேறு, அவள் கல்லறையில் இருப்பதும் வேறு. தொலைபேசி மணி அடித்தது, எடுக்கப் போகிற வழியில் விழுந்தாள், கைக்குழந்தை தொட்டிலில், அது நான். என் சித்தி பிரசவம் ஆகி மூன்றாம் வாரம், பக்கத்து வீட்டுத் திருமணத்தின் வாணவேடிக்கை. நீ வைத்திருப்பது பெயரின் பட்டியல், மகளே. ரத்தம் வேறு வழியாகவும் போகும். ஹேமலதா அந்தக் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடி படித்தாள். மகள்கள் எல்லோரும் கட்டிக்கொண்டு போய்ப் பட்டியலிலிருந்து காணாமல் போயிருந்தார்கள். அம்மா வீட்டு எழுத்தை விட்டுவிட்டுப் புருஷன் எழுத்தைப் போட்டுக்கொள்கிற ஊரில் பிறந்தவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? அவளே அந்தப் பட்டியலில் இருந்தாள், ஹேமலதா கிர்னேனாஸ், அந்த ரத்தத்தில் ஒரு சொட்டு இல்லாத கிர்னேனாஸ். எடுத்து வைத்திருந்த யோனாஸின் திசுவை மறுபடி சோதிக்கச் சொல்லி மருத்துவமனைக்கு எழுதினாள். கண்டுபிடித்துவிட்டார்கள், மரபணுவில் ஒரு மாற்றம், திடீர்ச் சத்தத்தில் இதயத் துடிப்பைத் தடுமாற வைப்பது. மகளுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி.

இங்கே வந்ததும் பள்ளிக்கூடத்தில் பெயரை எழுதும்போது அண்ணன், “அந்த வால் எதுக்கு இங்க? யோனாஸுக்கு இங்கிலீஷ்ல ஜே தானே, ஜே. ரூதான்னு போடு, டீச்சருக்கும் வாய் வலிக்காது” என்றார். போட்டாள். பேனாவை எடுத்தபோது ஒரு நிமிஷம் லேசாக இருந்தது, சட்டையில் ஒட்டிய பூச்சியைத் தட்டிவிட்டது போல. தெரேசா சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பெயரை விட்டவர்களைத்தான் யாரும் எச்சரிக்க முடியாமல் போயிருக்கிறது. இருபது வருஷம் கழித்து இந்த ஜே. ரூதாவைத் தேடி உலகத்தின் எந்த மூலையிலிருந்தாவது ஒருத்தி கடிதம் எழுதினால் அது எந்த விலாசத்துக்கு வரும்? இசிஜி இரண்டு முறை எடுத்தாயிற்று, இரண்டும் இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம் என்கிற எல்லையில். டாக்டர் நளாயினி ஆறு வாரத்துக்கு முன் ரத்தம் எடுத்து அனுப்பினார். “இருந்தா தெனம் ஒரு மாத்திரை, சில ஜாக்கிரதை, எம்பது வயசு வரைக்கும் இருப்பா. இல்லன்னா ஒண்ணுமே இல்ல. ரெண்டுல எதுன்னாலும் தெரிஞ்சிக்கறது நல்லதும்மா.” முடிவு இன்று காலை பதினொன்று நாற்பதுக்கு மின்னஞ்சலில் வந்துவிட்டது. ஹேமலதா அதைத் திறக்கவில்லை. கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து அலமாரியில் புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தாள். எடுத்த பிறகு பார்க்கலாம். பிணத்தை எடுத்த பிறகு. இரண்டையும் ஒரே மதியத்தில் தாங்க முடியாது. திறக்காத வரை அது இரண்டாகவும் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும், நாலு மணி வரைக்குமாவது.

நாலு மணி என்றுதான் ஒட்டியிருந்தார்கள், தெருமுனைக் கம்பத்தில், கறுப்புக் கரை போட்ட சுவரொட்டியில், எதிர்வீட்டுக் கோதண்டபாணியின் சிரித்த முகத்துக்குக் கீழே. எழுபத்தெட்டு வயது, ரயில் பெட்டித் தொழிற்சாலையில் தொழிற்சங்கத்துக்காரர். ஒரு மணிக்கு ஹேமலதா இறங்கிப் போனாள். சாவு வீட்டுக்குப் போய் ஒரு கோரிக்கை வைப்பதை விட வெட்கம் கெட்ட வேலை உண்டா, அதையும் மாலை எடுத்துக்கொள்ளாமல் போய். மகன் முரளி ஷாமியானாவுக்கு அடியில் கைலியோடு நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தான். “தம்பி, வெடி போடுவீங்களா?” “போடாம எப்படிக்கா? பத்தாயிரம் வாலா வாங்கி வச்சிருக்கோம். அவரே சொல்லிட்டுப் போயிருக்காரு, என்ன எடுக்கும்போது அயனாவரம் ஸ்டேஷன் வரைக்கும் கேக்கணும்டான்னு.” மூலையில் இருந்த ஒருவர், “உசுரோட இருக்கும்போதும் அந்தாளு மெதுவாப் பேசுனதே இல்லியே” என்றார், இரண்டு பேர் சிரித்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியும் அழுகைக்கு நடுவில் லேசாகச் சிரித்தாள். அப்போது எதைச் சொல்வது? லிதுவேனியா, மணல் மேட்டில் ஏழு வீடு? “கொழந்தைக்கு ஜொரம், இப்பதான் தூங்குது” என்று மட்டும் சொன்னாள். முரளி அவள் முகத்தைப் பார்த்தான். அதில் என்ன இருந்ததோ, “தெருமுனை தாண்டி வச்சிக்கறோம்க்கா. நம்ம வாசல்ல கெடையாது. போங்க” என்றான். நல்ல பையன். ஆனால் ஒருத்தன் சொல்லை நம்பி. மூன்றரைக்கு எழுப்பிவிடலாம் என்று முடிவு செய்தாள். காதுக்குள் மெதுவாகச் சொல்லி எழுப்பி, வெடி வரப்போகிறது என்று சொல்லி, பின்பக்கம் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு. அதற்கு முன் எழுப்பினால் ஜுரம் ஏறும். ஆட்டோவில் எங்காவது கொண்டுபோகலாமென்றால் தெருவெல்லாம் ஹார்ன். தூங்கும்போது வருவதுதான் கெடுதல் என்று பட்டியலில் பாதிப் பேர் சொல்கிறார்கள். மீதிப் பேர் விழித்திருந்தார்கள். மணிக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றவர் விழித்துத்தான் இருந்தார், மணி அடிக்கும் என்று தெரிந்துதான் நின்றிருப்பார். அப்படியென்றால் சொல்லிவிட்டு வருகிற சத்தமும்? இந்த இடத்துக்கு மனம் வரும்போதெல்லாம் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். இப்போதும் திரும்பினாள். மணி பார்த்தாள். இரண்டு நாற்பது.

அப்போது சங்கு ஊதியது. பறை இல்லை, சங்கு, நீளமாக, நடுங்கி. பிணத்தைத் தூக்கும்போதுதான் சங்கு. வாசலில் கஸ்தூரியின் செருப்புச் சத்தம், செருப்பைக் கழற்றக்கூட இல்லை, கதவைத் திறக்கிறேன் என்றும் சொல்லவில்லை. “ஹேமா, எடுக்கறாங்கடீ. மின்மயானத்துல மூணு மணிக்கே வாங்கன்னுட்டாங்களாம்.” நாலு என்று ஒட்டியிருந்தார்களே என்று நினைத்தபடியே ஹேமலதா குனிந்தாள். குழந்தையின் காதுமடல் சூடாக இருந்தது. “ரூதா. கண்ணு. அம்மாதான். இப்ப வெடி” என்று தொடங்கினாள், போடப் போறாங்க என்று முடிக்கவில்லை. முரளி சொன்னதைத் தெரியாத யாரோ, சங்கத்து வேனில் தாமதமாக வந்து இறங்கியவர்கள், வாசலிலேயே கொளுத்திவிட்டார்கள். முதல் வெடி ஜன்னலுக்குள் வெடித்தது போல இருந்தது. இரண்டு போர்வையும் ஒன்றுமில்லை. அவள் குழந்தையின் மேல் கவிழ்ந்து இரண்டு காதையும் உள்ளங்கைகளால் மூடி, கழுத்தோரத்தில் விரலை வைத்தாள். பத்தாயிரம். எப்போது முடியும் பத்தாயிரம்? விரலுக்கடியில் ஏதோ துடித்தது, வேகமாக, அவ்வளவு வேகமாக ஒரு குழந்தைக்குத் துடிக்குமா, இல்லை இது என் விரலா, என்னுடையதா, விரலை அழுத்தினாள், அழுத்த அழுத்த தன் ரத்தமே தன் விரல் நுனியில் முட்டியது, யாருடையது என்று தெரியவில்லை, எண்ண முயன்றாள், வெடி எண்ணிக்கையைத் தின்றது. சாவி தீர்ந்து மெதுவாகி டக் டக் என்று தட்டி நிற்கும். நிற்கட்டும். நிற்கக் கூடாது. எது நிற்க வேண்டும் எது நிற்கக் கூடாது என்று ஒரே நேரத்தில் இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முதுகில் கஸ்தூரியின் கை விழுந்தது, அவளும் கட்டிலில் ஏறி இவர்கள் இருவர் மேலும் கவிழ்ந்துகொண்டாள், மூன்று பேரும் ஒரு மூட்டையாக. வெடிகள் நகர்ந்தன. நாலு வீடு தள்ளி. அப்புறம் முனை. அப்புறம் பறை, விடாமல், தூரத்தில். “அம்மா, கைய எடு” என்றாள் ரூதா. “எனக்குக் கேக்கவே இல்ல.”

கண் நன்றாகத் திறந்திருந்தது. தூக்கக் கலக்கமே இல்லை. ஹேமலதா கைகளை எடுத்தாள். “எப்ப முழிச்ச?” “மேளம் நின்னப்பவே.” “அப்பவேயா? ஏன் கண்ண மூடிட்டு இருந்த?” “நீ எண்ணிட்டு இருந்தியே. அசைஞ்சா தப்பாப் போயிடும்ல.” கஸ்தூரி கட்டிலிலிருந்து இறங்கிக் கொண்டையைச் சுருட்டி முடிந்துகொண்டு, “அடிப்பாவி, ஆறு வயசுல எங்களையெல்லாம் நடிச்சு ஏமாத்துது பாரு” என்று மூக்கை உறிஞ்சினாள். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், ஜுரம் விட்டிருக்கு என்றாள், வேர்த்திருந்தது. வாசலுக்குத் தண்ணி தெளிக்கணும், பொணம் போன தெரு என்று சொல்லிக்கொண்டே கீழே போனாள். ஹேமலதா எழுந்து அலமாரியைத் திறந்தாள். கைப்பேசியை எடுத்து, நின்றபடியே மின்னஞ்சலைத் திறந்து படித்தாள். மேலே நிறைய எழுத்துகள், எண்கள், மரபணு மாற்றம் என்பதற்கு நேரே ஒரு கட்டத்துக்குள் ஒரே ஒரு சொல். உள்ளது. அவள் அதை இரண்டாம் முறை படிக்கவில்லை. மாத்திரையின் பெயரும் அளவும் கீழே டாக்டரே எழுதியிருந்தார், மாலை ஆறு மணிக்கு வந்து பார்க்கச் சொல்லியிருந்தார். ஆறு மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அவள் நினைத்திருந்தது போல எதுவும் நிற்கவில்லை, மின்விசிறி இரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் ரூதா ஒரு போர்வையை நடுவில் விலக்கிக் கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டியிருந்தாள். “தெருவெல்லாம் செவப்பு பேப்பர்ம்மா. பூவும் கெடக்கு. நான் கீழ போகட்டா? அத்தைகூட.” ஹேமலதா பதில் சொல்வதற்குள் அவள் கதவோரம் ஓடிச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள், அவசரத்தில் இடது வலது மாறி. கீழே வாளியிலிருந்து தண்ணீர் படாரென்று வாசலில் விழுந்தது, கஸ்தூரி சொல்லாமல் கொட்டியது. குழந்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹேமலதா தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாகத் தூக்கச் சொல்லி, செருப்பை மாற்றிப் போட்டுவிட்டாள்.